அழுகை கொஞ்சம் அதிகம்

சமூக சேவைப் பட்டயப் படிப்பின் அந்த வகுப்பில் எல்லாரும் அவரை ஜட்ஜ் என்றே கூப்பிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் அல்ல, நேருக்கு நேராகவே. அவருக்கு அதில் வருத்தம் இல்லை. உள்ளூரக் கொஞ்சம் குளிர்ச்சிகூட இருந்தது.

பாதி ஆயுசை அவர் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கழித்தவர். இழப்பீடு கேட்டு வருகிறவர்களின் கதையைக் கேட்டு, எது நிஜம், எது புளுகு என்று பிரித்துச் சொல்வது அவர் வேலை. நொண்டிக்கொண்டு வருகிறவன் திரும்பிப் போகும்போது எந்தக் காலை நொண்டுகிறான் என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் கம்பெனி அந்த வேலையைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்துவிட்டு, அவர் கையில் ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கொடுத்து அனுப்பிவைத்தது. அதன்பிறகு வீட்டில் உட்கார்ந்து, டி.வி.யில் செய்தி வாசிக்கிறவர்களின் முகத்தைப் பார்த்து, "இவன் சொல்றத இவனே நம்பல" என்று தீர்ப்பு வழங்கிக்கொண்டிருந்தார்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவிதான் பொறுக்கமாட்டாமல் ஒரு வழி சொன்னாள்.

"ஏங்க, எங்க கடைக்கு வர்றாங்களே முதியோர் இல்லத்து மேனேஜரம்மா, அவங்ககிட்ட சொல்லி வெச்சிருக்கேன். ஒருங்கிணைப்பாளர் வேலை காலியா இருக்காம். சமூக சேவைப் படிப்பு படிச்ச சர்டிபிகேட் மட்டும் வேணுமாம்."

"அடுத்தவனுக்கு உதவறதுக்கு ஒரு படிப்பா?"

"மத்தவங்களுக்கு வேணாம். உங்களுக்கு வேணும்."

சேர்ந்தார். சேர்ந்த முதல் நாளிலிருந்து அந்தப் படிப்பை அவர் ஒரு புழுவைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார். முதல் பருவம் முழுக்கப் பாடம் ஒன்றே ஒன்றுதான்: கேட்பது. எவ்வளவு குனிந்து உட்கார வேண்டும், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை தலையசைக்க வேண்டும், கண்ணை எப்போது பார்க்க வேண்டும், எப்போது விலக்க வேண்டும். எதிரில் இருப்பவர் சொன்னதை அவருக்கே திருப்பிச் சொல்வது அந்தப் பாடத்தின் உச்சி. ஒருவர் வந்து, 'என் வீடு பத்திக்கிட்டு எரியுது' என்றால், 'உங்க வீடு எரியறது உங்களுக்குக் கஷ்டமா இருக்குன்னு எனக்குக் கேக்குது' என்று சொல்ல வேண்டும். வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. அது அத்துமீறல்.

இந்தக் கட்டுப்பாட்டுக்குப் பெயர் எல்லை. உதவுகிறவருக்கும் உதவி பெறுகிறவருக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது, அதைத் தாண்டக் கூடாது என்று ஆசிரியை நாள் தவறாமல் சொல்வார். பேசும்போது அந்த அம்மாள் இரண்டு கையாலும் காற்றில் அந்தக் கோட்டை வரைந்து காட்டுவார். கழுத்தில் ஒரு மஞ்சள் கயிற்றில் அடையாள அட்டை, அதில் சிரித்த முகம். அந்த முகமும் கழுத்துக்கு மேலே இருந்த முகமும் ஒன்று என்று அடித்துச் சொல்லும் தைரியம் ஜட்ஜுக்கு வரவில்லை.

உடன் படித்தவர்களைப் பற்றி அவருக்கு இன்னும் கீழான அபிப்பிராயம். அதிலும் பக்கத்து நாற்காலிக்காரி, குழந்தைகள் காப்பகத்தில் ஆயாவாக இருந்துவிட்டுப் படிக்க வந்த ஒரு சின்னப் பெண், அவர் பொறுமையை ரொம்பவே சோதித்தாள். தலையசைக்கச் சொல்லிக் கொடுத்ததும் கொடுத்தார்கள், அவள் அறிவிப்புப் பலகையைப் பார்த்துக்கூடத் தலையசைத்தாள். அவளுக்குத் தலையாட்டி என்று பெயர் வைத்தவர் ஜட்ஜ்தான். ஒத்திகையில், கஷ்டப்படுகிறவராக நடிக்கும் சக மாணவர் கண்ணைக் கசக்கினால் இவளும் சேர்ந்து அழுதுவிடுவாள். எல்லை காத்தல் என்ற பகுதியில் எல்லா முறையும் அவளுக்கு முட்டை.

"நடிப்புன்னு தெரியாதா உனக்கு?" என்று ஒருமுறை கேட்டார்.

"தெரியும்ணே. ஆனா அழறாங்களே."

கடவுள் சிலருக்கு மூளை வைக்க வேண்டிய இடத்தில் ஈரத்துணியை வைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டார்.

இறுதிச் செய்முறைத் தேர்வு நாள் வந்தது. முதியோர் இல்லத்து மேனேஜரம்மா, இந்த மாதம் சர்டிபிகேட்டோடு வந்தால் வேலை, இல்லாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று மனைவியிடம் கறாராகச் சொல்லிவிட்டிருந்தார். ஆகவே ஜட்ஜ் அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டையும், போன வாரமே பழகி வைத்த கனிவான முகமுமாக வந்து சேர்ந்தார்.

தேர்வு முறை இதுதான். ஒரு நாடகக் குழுவிலிருந்து ஆள் வரவழைப்பார்கள். அவர் உதவி கேட்டு வந்தவராக நடிப்பார். மாணவர் அவரிடம் பேச வேண்டும். ஆசிரியை மூலையில் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார். இந்த முறை வரப்போகும் பாத்திரம், வயதான அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் மகள்.

"ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க," என்றார் ஆசிரியை. "அவங்க உங்கள எல்லை தாண்ட வைக்கத்தான் பாப்பாங்க. அழுவாங்க. என்கூட வாங்கன்னு கூப்பிடுவாங்க. விழுந்துடாதீங்க. மணி அடிச்சதும், அவங்க எப்படி செஞ்சாங்கன்னு ரெண்டு வார்த்தை நீங்களும் சொல்லணும். அதுக்கும் மார்க் இருக்கு."

முதல் பெயர் ஜட்ஜுடையது. வராந்தாவில் காத்திருந்த தலையாட்டி அவர் சட்டையைத் தொட்டாள்.

"அண்ணே, அந்தக்கா வந்துட்டாங்க போல. மாடிப்படியிலயே நின்னாங்க. தண்ணி குடுத்தேன். கை நடுங்குது, பாவம்."

"காசு வாங்கிட்டு நடுங்கறாங்க. உனக்கு என்ன?" என்றபடி உள்ளே போனார்.

அந்தப் பெண் உள்ளே வந்தபோது ஜட்ஜின் கண் பழைய பழக்கத்தில் மேலிருந்து கீழாக ஒருமுறை ஓடியது. ஏதோ கம்பெனியின் சாம்பல் நிற மேல்கோட்டு. செருப்பு குதிகால் பக்கம் சரிந்து தேய்ந்திருந்தது. பையின் வார் அறுந்த இடத்தில் ஊக்கு குத்தியிருந்தது. நாடகக் குழுவில் உடை அலங்காரத்துக்கு நல்ல ஆள் வைத்திருக்கிறார்கள் என்று மெச்சிக்கொண்டார்.

"சார், கீழ ஆபீஸ் மூடியிருக்கு," என்றாள் அவள். "வாட்ச்மேன் மேல போய்ப் பாருங்கன்னாரு."

கீழ்த்தளத்தில் பொதுமக்களுக்கான உதவி அலுவலகம் ஒன்று உண்மையிலேயே இருந்தது. அதைக் கதைக்குள் கொண்டுவந்த சாமர்த்தியத்தையும் ஜட்ஜ் மெச்சினார்.

"உட்காருங்க. நான் உங்க பேச்சைக் கேக்கத்தான் இங்க இருக்கேன்."

அவள் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். பையை மடியில் அணைத்துக்கொண்டாள்.

"அப்பாவுக்கு ஞாபகம் போயிடுச்சு சார். சில நாள் என்னையே யாருங்கறாரு. நான் பேக்கிங் கம்பெனியில வேலை பாக்கறேன். பகல்ல அவர்கூட இருக்க ஆள் இல்ல. போன வாரம் அடுப்பப் பத்தவெச்சுட்டு அப்படியே விட்டுட்டாரு."

"அப்பாவுக்கு ஞாபகம் போனது உங்களுக்குக் கஷ்டமா இருக்குன்னு எனக்குக் கேக்குது."

"ஆமா சார். அதத்தான் சொன்னேன்."

மூலையில் ஆசிரியையின் பேனா நகர்ந்தது. ஜட்ஜ் சரியான அளவுக்கு முன்னால் குனிந்தார். சரியான இடைவெளியில் தலையசைத்தார். அவள் கொஞ்ச நேரம் மேசையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் பூட்டிட்டு வர்றேன் சார்."

அவர் காத்திருந்தார். மௌனத்தைப் பொறுத்துக்கொள்ளுதல், அதற்குத் தனி மதிப்பெண்.

"அப்பாவ. உள்ள வெச்சு வெளிய பூட்டிட்டு வேலைக்குப் போறேன். இப்பவும் பூட்டிட்டுத்தான் வந்திருக்கேன். இது வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல."

"பூட்டினப்போ உங்களுக்கு எப்படி இருந்தது?"

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "எப்படி சார் இருக்கும்?"

பிறகு அழ ஆரம்பித்தாள். சத்தமில்லாமல் தொடங்கியது, போகப்போக மூக்கும் கண்ணும் சேர்ந்து ஒழுகி, மேல்கோட்டின் கையால் துடைத்துக்கொள்ளும் அளவுக்கு வந்தது. ஜட்ஜுக்குக் கூச்சமாக இருந்தது. கொடுத்த காசுக்கு மேலே நடிக்கிறாளே என்று நினைத்தார்.

"இன்னிக்கு சாயந்திர ஷிப்ட் போட்டுட்டாங்க சார். வரலேன்னா வேற ஆள் எடுத்துக்குவாங்க. அவர் கதவத் தட்டிக் கத்தறாரு, வீட்டுக்காரர் இன்னொரு தரம் சத்தம் கேட்டா காலி பண்ணச் சொல்லிட்டாரு. யாராவது ஒருத்தர் பக்கத்துல உக்காந்திருந்தா கத்த மாட்டாரு. இன்னிக்கு ஒரு நாள் மட்டும். தூரம் இல்ல சார், பஸ் டிப்போவுக்குப் பின்னாடி, லாண்டரிக்கு மேல. நீங்க ஒரு தரம் என்கூட வந்து பாத்தீங்கன்னா..."

வந்துவிட்டது பொறி. ஜட்ஜ் மனசுக்குள் சிரித்துக்கொண்டார்.

"நான் உங்ககூட வர முடியாது. அது என் எல்லைக்குள்ள இல்ல. ஆனா உங்களுக்குள்ள இருக்கற பலத்த நீங்களே கண்டுபிடிக்க நான் துணையா இருப்பேன்." தொலைபேசி எண்கள் அச்சடித்த தாள் ஒன்றை இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார். இரண்டு கையால் கொடுப்பதுதான் முறை.

ஆசிரியை மணியை அடித்தார்.

ஜட்ஜ் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார். கனிவு முகத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் சொந்த முகத்துக்கு வந்தார்.

"நல்லா பண்ணீங்க. அந்தப் பூட்டு விஷயத்த எடுத்த எடுப்புல சொல்லாம நிறுத்திச் சொன்னீங்க பாருங்க, நல்ல உத்தி. ஆனா அழுகை கொஞ்சம் அதிகம். நிஜமா கஷ்டத்துல இருக்கறவங்க இவ்வளவு அழ மாட்டாங்க. நான் எத்தனையோ பேரப் பாத்திருக்கேன்."

அவள் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். அந்தத் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"சரிங்க சார்," என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

"பிரமாதம்," என்றார் ஆசிரியை. "எல்லை காத்தல், முழு மதிப்பெண்."

அவர் அதை எழுதி அடிக்கோடும் போட்டு முடித்திருப்பார். கதவைத் தள்ளிக்கொண்டு ஓர் அம்மாள் மூச்சிரைக்க உள்ளே வந்தாள். கையில் பாதி கடித்த பன்.

"மன்னிச்சுக்கோங்க மேடம், பஸ் நடு ரோட்டுல நின்னுடுச்சு. நான்தான் மகள். எங்க உக்காந்து அழணும்?"

ஆசிரியை எழுதிய தாளைப் பார்த்தார், வந்தவளைப் பார்த்தார், பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"இது வெளிய போகக் கூடாது," என்றார். "நிறுவனத்துக்குக் கெட்ட பேர். நடக்கலேன்னே வெச்சுக்குவோம். இந்தம்மாவோட திரும்பப் பண்ணிடலாம். நீங்க இதே மாதிரி பண்ணினா போதும், இதே மார்க்தான்."

"அந்தப் பொண்ணு?" என்றார் ஜட்ஜ்.

"அவங்களுக்குத்தான் நம்பர் எழுதின தாள் குடுத்திருக்கோமே."

ஆசிரியை அதை உண்மையிலேயே நம்பிச் சொன்னார். எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நெடுங்காலம் நின்றால் கால் மரத்துப்போவது சகஜம். ஜட்ஜுக்கு அவரைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. வாழ்நாளெல்லாம் மற்றவர்களைப் பார்த்து அருவருத்தவர்தான், ஆனால் இந்த முறை அது எதிரே போய் நிற்காமல் சுவரில் பட்ட பந்துபோல அவர் மேலேயே திரும்பி வந்து விழுந்தது. அவரிடம் பொய் சொன்ன அத்தனை பேரும், பொய் என்று அவர் சொன்னதும் எகிறிக் குதித்துச் சண்டை போட்டவர்கள். இவள் ஒருத்திதான் சரிங்க சார் என்றாள்.

வராந்தாவுக்கு வந்தார். தலையாட்டி ஓடி வந்தாள்.

"அந்தக்கா கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டே இறங்கிப் போனாங்கண்ணே. என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?"

சொன்னதைத் திருப்பிச் சொல்வதற்கென்றே ஒரு பருவம் முழுக்கப் படித்தவர், அந்த ஒரு வாக்கியத்தைத் திருப்பிச் சொல்ல முடியாமல் நின்றார்.

"இப்ப வெளிய போனீங்கன்னா தேர்வுக்கு வரலேன்னுதான் எழுதுவேன்," என்று ஆசிரியை பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "அடுத்த தேர்வு அடுத்த வருஷம்தான்."

முதியோர் இல்லத்து நாற்காலி அவர் கண்முன் ஒருமுறை வந்து போனது. மனைவியின் முகமும் வந்தது, அது போகவில்லை. கடவுள் எல்லாரையும் கையைப் பிடித்து நல்ல இடத்துக்கு அழைத்துப் போவதில்லை. சிலரைப் பிடரியில் கை வைத்துத்தான் தள்ள வேண்டியிருக்கிறது. ஜட்ஜ் படி இறங்கினார்.

கீழே உதவி அலுவலகத்தின் கதவு சாத்தியிருந்தது. 'மக்கள் நம்மை எளிதில் அணுகுவது எப்படி: ஊழியர் கலந்தாய்வு. தயவுசெய்து கதவைத் தட்டாதீர்கள்' என்று ஒட்டியிருந்தார்கள்.

"மேல போங்க சார்," என்றார் வாட்ச்மேன். "மேலயும் இதே வேலதான்."

"அங்கேருந்துதான் வர்றேன்," என்றார் ஜட்ஜ்.

டிப்போவுக்குப் பின்னால் அந்த லாண்டரியைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. பக்கவாட்டில் ஒரு இரும்புப் படிக்கட்டு, லாண்டரியின் நீராவி பட்டு ஈரமாக இருந்தது. மேலே ஏறும்போதே உள்ளே ஒரு கிழக்குரல் யாரையோ திட்டிக்கொண்டிருப்பது கேட்டது. கதவு திறந்திருந்தது. அவள் வாசலில் நின்று பார்த்தாள்.

"என்ன சார், இன்னும் ஏதாவது திருத்தம் இருக்கா?"

அவர் சொன்னார். தேர்வு, நாடகக் குழு, பஸ் நின்று வர வேண்டியவள் வராமல் போனது, எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல, அது விளக்கமாக இல்லாமல் இன்னும் கேவலமான ஒன்றாக ஆகிக்கொண்டிருப்பது அவருக்கே கேட்டது.

"அப்ப நான் அழுதப்போ மூலையில ஒரு அம்மா எழுதிக்கிட்டிருந்தாங்களே, அது மார்க்கா?"

"ஆமாங்க."

"எனக்கா, உங்களுக்கா?"

"எனக்கு."

"எவ்வளவு?"

அவர் தரையைப் பார்த்தார். "முழுசா."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு அவள் அழுகையே தேவலை. "இதுக்கு ஒரு படிப்பு. அதுக்கு ஒரு பரீட்சை. எங்கப்பாவுக்கு ஞாபகம் இல்ல சார், அதனால யார் அழுதாலும் புரியாது. உங்களுக்கு என்ன?"

'உங்க கோபம் எனக்குக் கேக்குது' என்ற வாக்கியம் பழக்கதோஷத்தில் அவர் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை மென்று விழுங்கினார்.

"ஷிப்டுக்கு எப்ப கிளம்பணும்?" என்று மட்டும் கேட்டார்.

அவள் அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். அப்படி எடைபோடப்படுவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

"உங்க வீட்டம்மா நம்பர் குடுங்க."

கொடுத்தார். அவள் அங்கேயே நின்று மருந்துக்கடைக்குப் போன் போட்டாள். மனைவியின் குரல் வெளியில் நிற்கும் அவருக்கும் கேட்டது.

"ஆமாங்க, எங்க வீட்டுக்காரர்தான். ஆளு நல்லவர்தாங்க, ஆபத்தில்ல. ஒரு வேலையும் தெரியாது, அவ்வளவுதான். உக்கார வெச்சா உக்காருவாரு. ஏன், தேர்வுல இல்லியா அவரு?" அந்தப் பெண் நடந்ததை இரண்டு வரியில் சொன்னாள். "சரி. அங்கயே இருக்கச் சொல்லுங்க. வீட்டுக்கு வரட்டும், பேசிக்கறேன்."

அந்தப் பெண் போனை வைத்தாள். வேறு ஆள் இல்லை, நேரமும் இல்லை. வெறுப்பு இருக்கும்போதே ஒருவரை வீட்டுக்குள் விட வேண்டிய நிலைமை ஏழைகளுக்குத்தான் அடிக்கடி வருகிறது.

"செருப்ப உள்ள கொண்டாந்து வெச்சுக்கோங்க. வெளிய விட்டா நனைஞ்சிரும். அடுப்போட திருகைக் கழட்டி என் பையில வெச்சிருக்கேன், தேடாதீங்க. தண்ணி கேப்பாரு. குடுத்தா வேணாம்பாரு. டம்ளர அவர் பக்கத்துல வெச்சுட்டு நீங்க உங்களுத குடிங்க, அவரும் குடிச்சுருவாரு. பேசினா பதில் சொல்லுங்க. உங்க பாஷையில வேணாம். சாதாரணமா."

"சரிங்க."

"வெளிய பூட்டிட்டுத்தான் போவேன்."

"நான்தான் இருக்கேனே."

"அதனாலதான். அவர் கேட்டா நீங்க திறந்து விட்டுருவீங்க, இல்ல அவரு அழுதா நடிக்கறாருன்னு சும்மா உக்காந்திருப்பீங்க. சாவிய இன்னிக்குக் கீழ லாண்டரிக்காரர்கிட்ட குடுத்துட்டுப் போறேன். அவசரம்னா தரையத் தட்டுங்க."

கதவு மூடியது. பூட்டு விழும் சத்தம் கேட்டது, பிறகு பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்க்கும் சத்தம். அவர் தன் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நடு அறையில் நின்றார். சட்டைப் பையில் போன் துடித்தது. ஆசிரியை. எடுக்கவில்லை.

கட்டிலில் கிழவர் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான உடம்பு, சுத்தமாகச் சவரம் செய்த முகம். வேலைக்குப் போகும் அவசரத்திலும் அதைச் செய்துவிட்டுப் போகிற ஒருத்தி அந்த வீட்டில் இருக்கிறாள் என்று ஜட்ஜின் கண் கண்டுகொண்டது.

"யாரு நீ?"

"உக்கார வந்தேன்."

"உக்காந்து என்ன பண்ணுவ?"

"ஒண்ணும் இல்ல. உக்காருவேன்."

"இதுக்குக் கூலி வேறயா," என்று கிழவர் மூக்கால் ஒரு சத்தம் போட்டார். பிறகு கதவைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார். "ஒரு பொம்பள வருவா. என்னை உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போயிடுவா. தெரியுமா உனக்கு?"

"தெரியும். என்னையும் சேத்துத்தான் பூட்டிட்டுப் போயிருக்கா."

கிழவர் திரும்பி முதல் தடவையாக அவரை முழுசாகப் பார்த்தார்.

"நீ என்ன தப்பு பண்ணின?"

ஜட்ஜுக்கு இரண்டு மூன்று பதில் தோன்றியது. எல்லாம் படித்த பதில்கள்.

"ஒருத்தங்க அழுதாங்க. நம்பல."

கிழவர் அதைக் கொஞ்ச நேரம் யோசித்தார். ஞாபகம் இல்லாத அந்தத் தலைக்குள் அது எங்கேயோ போய், எதையோ தொட்டுவிட்டுத் திரும்பி வந்ததுபோலிருந்தது.

"அப்ப உனக்கு வேணும்," என்றார். சொல்லிவிட்டு, கால் இரண்டையும் மடக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் நகர்ந்து, கட்டிலில் அவருக்கு இடம் விட்டார்.